எல்இடி போடாமல் ஹெட்லைட்டைத் தேற்றியது: நைட் பிரேக்கர் ஹாலோஜன் பல்ப் பற்றி

பல்ப் நல்ல பல்ப்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்ரம் நிறுவனத்தின் நைட் பிரேக்கர் லேசர், எச்7 வகை, லோ பீமுக்குப் போட்டது. கார் பழசு. ஹெட்லைட் ஹாலோஜன், உள்ளே பல்பின் ஒளியை ரோட்டுக்குத் திருப்பும் வெறும் ரிஃப்ளெக்டர், லென்ஸ் வைத்த புரொஜெக்டர் எல்லாம் கிடையாது. இரவில் ஊர் வெளிச்சம் தாண்டிவிட்டால் முன்னால் கொஞ்ச தூரம் மஞ்சளாகத் தெரியும், அதற்கு அப்பால் இருட்டு, எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால் அந்தக் கொஞ்சமும் போச்சு. இந்த நிலையில் இருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நேராகப் போய் எல்இடி பல்ப் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். நான் ஹாலோஜனிலேயே இருந்துவிட்டேன். ஆனால் புது பல்பைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் மூன்று வேலைகளை முடித்தேன், அந்த மூன்றும் சேர்ந்து கொடுத்த வித்தியாசம் பல்ப் கொடுத்ததை விடப் பெரியது. அதனால் இது பல்ப் விமர்சனமாகத் தொடங்கினாலும் பாதிக்கு மேல் மற்ற கதைதான் இருக்கும்.

பெட்டியில் '150 சதவீதம் வரை கூடுதல் வெளிச்சம்' என்று போட்டிருக்கிறது. படித்ததும் மனசு இரண்டரை மடங்கு என்று கணக்குப் போடும். அப்படி வராது, வரவும் கூடாது. எச்7 என்றால் 12 வோல்ட், 55 வாட், 13.2 வோல்ட்டில் சோதித்தால் 1,500 லூமென் (மொத்த ஒளியின் அளவு), அதில் 10 சதவீதம் முன்பின் இருக்கலாம். ஐ.நா.வின் வாகன விதிகளில் 37-ஆம் எண் விதி இதைச் சொல்கிறது. அந்த விதிப்படி ஒப்புதல் வாங்கிய எச்7 பல்ப் எதுவானாலும், மலிவோ விலை கூடியதோ, இந்த வேலிக்குள்தான் நிற்க வேண்டும். அப்படியானால் அந்த 150 எங்கிருந்து வந்தது? சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வெளிச்சத்தோடு ஒப்பிடுகிறார்கள், அதையும் காருக்கு முன்னால் 50 முதல் 75 மீட்டர் வரையான பகுதியில் மட்டும் அளந்து சொல்கிறார்கள். ஏற்கெனவே நல்ல சாதாரண பல்ப் போட்டிருப்பவர் அதோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை நிறையவே இறங்கிவிடும்.

இருந்தாலும் இது வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. உள்ளே நிஜமாகவே வேலை செய்திருக்கிறார்கள். இழையை இன்னும் நெருக்கமாகச் சுற்றிச் சின்னதாக்கி, துல்லியமாக அதன் இடத்தில் நிறுத்தி, செனான் கலந்த வாயுவை அடைத்து, சாதாரண பல்பை விடக் கூடுதல் சூட்டில் எரியவிடுகிறார்கள். ஒளி புறப்படும் இடம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு கூர்மையாக ரிஃப்ளெக்டர் அதைத் தூரத்துக்கு அனுப்பும். மொத்த வெளிச்சம் ஏறக்குறைய அதேதான், அது போய் விழும் இடம் மாறுகிறது. கண்ணாடிமேல் லேசான நீலப் பூச்சு இருக்கிறது, அதில் லேசரால் ஜன்னல் மாதிரி இடைவெளி விட்டு, முக்கியமான ஒளி பூச்சில் படாமல் வெளியே போகும்படி செய்திருக்கிறார்கள். பிலிப்ஸின் எக்ஸ்ட்ரீம்விஷன் புரோ150, ரேசிங்விஷன் ஜிடி200, ஆஸ்ரமே விற்கும் நைட் பிரேக்கர் 200 எல்லாம் இதே வழியில் போகும் பல்புகள்தான். எண்ணைப் பார்த்து 150-ஐ விட 200 எவ்வளவோ மேல் என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை, ரோட்டில் அந்த வித்தியாசத்தைக் கண் பிடிப்பது கஷ்டம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு, கடையில் கொடுப்பது போக. சூடாக எரியும் இழை சீக்கிரம் தேயும். இந்த வகை பல்ப் எதுவும் சாதாரண பல்ப் அளவுக்கு ஆயுள் கொடுக்காது, பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டே ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. இரவில் மட்டும் போடுகிறவர்களுக்குப் பரவாயில்லை.

சரி, பல்புக்கு முன் செய்த வேலைகளுக்கு வருகிறேன். முதல் வேலை, காசே செலவாகாதது: ஹெட்லைட் எங்கே பார்க்கிறது என்று பார்ப்பது.

லோ பீமுக்கு மேல்பக்கம் ஒரு வெட்டுக்கோடு இருக்கும். அதற்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. எதிரே வருபவர் கண் கூசாமல் இருப்பது அந்தக் கோட்டின் தயவில்தான். அந்தக் கோடு காரிலிருந்து தள்ளிப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க வேண்டும். எவ்வளவு இறங்க வேண்டும் என்பது பல கார்களில் ஹெட்லைட் டூமின் (பல்பும் ரிஃப்ளெக்டரும் இருக்கும் முழு விளக்குக் கூடு) மேலேயோ பானெட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரிலோ எழுதியிருக்கும், ஒரு விளக்குப் படமும் பக்கத்தில் 1.0% அல்லது 1.2% என்பது போன்ற ஓர் எண்ணும். 1 சதவீதம் என்றால் 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 1 சதவீத இறக்கத்தில் அந்தக் கோடு 65 மீட்டர் தள்ளி ரோட்டைத் தொடும். அதுவே 2 சதவீதமாக இறங்கியிருந்தால் 32 மீட்டரிலேயே தொட்டுவிடும். பல்ப் அதே, கரண்ட் அதே, ஒரு ஸ்க்ரூ கொஞ்சம் திரும்பியதில் பாதி ரோடு காணாமல் போகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி என்று வைத்தால் அதிலேயே 33 மீட்டர் போய்விடும், காய்ந்த ரோட்டில் வண்டி நிற்க இன்னும் ஒரு 35 மீட்டர். அதாவது எல்லாம் சரியாக இருக்கிற லோ பீமே 80-க்கு இழுத்துப் பிடித்துத்தான் போதும். 32 மீட்டர் வெளிச்சத்தோடு அந்த வேகத்தில் போவது கண்ணை மூடிக்கொண்டு போவதில் பாதி.

பம்பரில் லேசாக அடிபட்டு டூமைக் கழற்றி மாட்டியிருந்தால், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், யாரோ எப்போதோ ஸ்க்ரூவைத் திருகிவிட்டிருந்தால் இந்தக் கோணம் மாறியிருக்கும். டாஷ்போர்டில் இருக்கும் லெவலர் சக்கரத்தையும் பாருங்கள். பின்னால் பாரம் ஏற்றும்போது விளக்கைத் தாழ்த்துவதற்கென்று வைத்த சக்கரம் அது. பாரம் இறங்கிய பிறகும் 2-லோ 3-லோ நிற்கும், யாரும் கவனிப்பதில்லை. காரில் தனியாகப் போகும்போது அது 0-வில் இருக்க வேண்டும். சிலருக்கு இந்த ஒரு வரியிலேயே பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சமதளமான தரையும் ஒரு சுவரும் போதும். டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். காரைச் சுவருக்கு ஒட்டினாற்போல நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் நடுப்புள்ளிக்கும் நேராகச் சுவரில் டேப் ஒட்டுங்கள். அப்புறம் நேராகப் பின்னால் 10 மீட்டர் வாருங்கள். இப்போது வெட்டுக்கோட்டின் தட்டையான பகுதி டேப்புக்குக் கீழே, காரில் எழுதியிருக்கும் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். 1 சதவீதம் என்றால் 10 சென்டிமீட்டர். டூமின் பின்பக்கம் இரண்டு சரிசெய்யும் ஸ்க்ரூ இருக்கும், ஒன்று மேல்கீழ், இன்னொன்று இடவலம். என் காரில் ஒரு விளக்கு சரியாக இருந்தது, மற்றது காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் திருகினால் ஏறுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கால் திருப்பு கால் திருப்பாகத் திருக வேண்டும், அவசரப்பட்டால் பிளாஸ்டிக் பல் உடைந்துவிடும். தானாக உயரம் சரிசெய்துகொள்ளும் விளக்கு உள்ள கார் என்றால் இதில் கை வைக்காதீர்கள், ஹெட்லைட் கோணத்தை அளக்கும் பீம் செட்டர் கருவி இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். உண்மையில் யாராக இருந்தாலும் கடைசியில் ஒருமுறை அந்தக் கருவியில் காட்டிவிடுவது நல்லது. வெளிச்சம் போதவில்லை என்று கோட்டைத் தூக்கி வைப்பது மட்டும் கூடாது, அரை சதவீதம் தூக்கினாலே எதிரே வருபவர் திட்டுவார்.

இரண்டாவது வேலை டூமின் முகம். இப்போது வரும் விளக்குகளின் முகப்பு கண்ணாடியில்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதன் மேல் ஒரு காப்புப் பூச்சு இருக்கும், வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர் அதை வருஷக்கணக்கில் தின்றுவிடும், பிறகு முகம் மஞ்சளடித்து மங்கிப்போகும். மங்கிய முகம் ஒளியை நிறுத்துவதோடு விடுவதில்லை, சிதறவும் அடிக்கிறது. ரோட்டுக்குப் போக வேண்டியது எதிரே வருபவர் கண்ணுக்குப் போகிறது. பற்பசை போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்பார்கள், ஆகும், கொஞ்ச நாளைக்கு. ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் சுற்றிலும் பெயின்ட்டில் டேப் ஒட்டிவிட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே 800-ஆம் எண் உப்புக்காகிதத்தில் தொடங்கி 1500, 2500, 3000 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். முதல் காகிதம் போடும்போது மஞ்சளாகப் பால் மாதிரி வடியும், அது வெள்ளையாக மாறும்வரை விடக்கூடாது. அந்த நிலையில் டூம் முன்பை விட மோசமாக, முழுக்கப் பனி மூடியதுபோல இருக்கும், வயிற்றைக் கலக்கும். பயப்பட வேண்டாம், அடுத்தடுத்த காகிதத்திலும் பாலிஷிலும் தெளிந்துவிடும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பழைய காப்புப் பூச்சைத்தான் இப்போது உரித்துவிட்டோமே, புதிதாகப் புறஊதா தாங்கும் கிளியர் கோட் அடிக்காவிட்டால் சில மாதத்திலேயே மறுபடி மஞ்சளாகிவிடும். கிட் வாங்கும்போது அந்தப் பூச்சும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உள்பக்கம் மங்கியிருந்தாலோ, ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருகி உதிர்ந்திருந்தாலோ இதெல்லாம் பலிக்காது. பல்ப் கழற்றிய ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கருகிய ரிஃப்ளெக்டருக்கு எந்த பல்பும் மருந்தில்லை, டூமையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது வேலை கொஞ்சம் எலக்ட்ரீஷியன் வேலை. ஹாலோஜன் பல்புக்கு வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறையும், நேர்விகிதத்தில் போகாது, வோல்ட்டேஜின் ஏறக்குறைய மூன்றரை அடுக்கு (பவர்) கணக்கில் போகும். 13.2 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 12 வோல்ட்தான் போய்ச் சேருகிறது என்றால் கால் பங்குக்கு மேல் வெளிச்சம் காலி, நிறமும் மஞ்சளாகிவிடும். பழைய கார்களில் ஒரு பல்புக்கு நாலு ஆம்பியருக்கு மேல் போகும் கரண்ட் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே சுற்றி வருவது உண்டு. மெல்லிய வயர், தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தின்னும். பார்ப்பது சுலபம். இன்ஜின் ஓடட்டும், லைட் எரியட்டும், மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்து ஓர் எண் எடுங்கள், பிறகு பல்ப் ஹோல்டரின் பின்பக்கம் குத்தி இன்னோர் எண் எடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும். என் காரில் அரை வோல்ட்டை நன்றாகவே தாண்டியிருந்தது, அதில் பெரும்பங்கு எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டில்தான். கழற்றிப் பார்த்தால் அடியில் பச்சைப் பொடி. உப்புக்காகிதம் போட்டுப் பளபளவென்று தேய்த்து மறுபடி இறுக்கியதில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. அதோடும் சரியாகாவிட்டால் ரிலே வைத்த தனி வயரிங் போடலாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகக் கரண்ட் வரும், பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். ஃபியூஸ் இல்லாத ரிலே செட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். புதிய கார்களில் ஹெட்லைட் கரண்ட்டை ஒரு கணினிதான் துண்டு துண்டாக அனுப்புகிறது, அங்கே ரிலே வைத்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கும் எரியும். அந்தக் கார்களில் இதைத் தொட வேண்டாம், பெரும்பாலும் தேவையும் இருக்காது. அப்புறம் ஒன்று, 14 வோல்ட்டைத் தாண்டி பல்புக்குப் போனால் ஆயுள் சரசரவென்று குறையும். 5 சதவீத வோல்ட்டேஜ் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. நைட் பிரேக்கர் மாதிரி ஏற்கெனவே சூடாக எரியும் பல்புக்கு இது இன்னும் வலிக்கும்.

இந்த மூன்றும் முடிந்து, பழைய சாதாரண பல்போடேயே இரவில் ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், புது பல்ப் வாங்கத்தான் வேண்டுமா என்று யோசிக்க வைத்தது. வாங்கியாகிவிட்டதே என்று போட்டேன்.

எச்7 மாட்டுவதில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. பல்பின் உலோகத் தட்டில் ஒரு வெட்டு இருக்கும், டூமில் அதற்கான ஒரு நாக்கு இருக்கும், இரண்டும் பொருந்தி உட்கார்ந்த பிறகுதான் வளைந்த கம்பி கிளிப்பைப் பூட்ட வேண்டும். இடம் குறுகலானது, கை நுழையாது, கண்ணுக்கும் தெரியாது, தடவித்தான் போட வேண்டும். கிளிப் பூட்டிவிட்டது போலவே இருக்கும், ஆனால் தட்டு ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் போதும், சுவரில் கோடு கோணிக்கொள்ள. போட்டதும் சுவரில் அடித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்க்ரூவை இல்லை, கிளிப்பை. கண்ணாடியில் விரல் படக்கூடாது, படிந்த எண்ணெய்ப்பசை சூட்டில் அந்த இடத்தைப் பாழாக்கும், பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

இப்போது ரோட்டில் எப்படி இருக்கிறது? முதல் சில நிமிடம் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, காருக்கு உடனே முன்னால் முன்பு இருந்த மாதிரிதான். தூரத்தில்தான் வித்தியாசம். ரோட்டோரப் பிரதிபலிப்புக் கற்கள் முன்பை விடச் சீக்கிரம் மின்ன ஆரம்பிக்கின்றன, ஓரமாக நடந்துபோகிறவர் முழங்கால் வரைக்கும் தெரிந்த இடத்தில் இடுப்பு வரை தெரிகிறார். நிறம் கொஞ்சம் வெள்ளைப் பக்கம் நகர்ந்திருக்கிறது, எல்இடி வெள்ளை கிடையாது. மழையில் இதுதான் எனக்குப் பிடித்தது. ஈரத் தாரில் எந்த லோ பீமும் பாதி வெளிச்சத்தை முன்பக்கமாகவே வழுக்கவிட்டுவிடும், அதனால் பிரமாதம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஓரக் கோடு தெரிகிறது. எதிரே வருபவர்கள் யாரும் ஹை பீம் அடித்துக் கோபம் காட்டவில்லை, இதை நான் பெரிய மார்க்காக எடுத்துக்கொள்கிறேன்.

எல்இடி போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே என்று கேட்பவர்களுக்காக, நண்பர் ஒருவர் தன் காரிலிருந்து கழற்றி வைத்திருந்த எச்7 எல்இடி ஜோடியை என் டூமிலேயே மாட்டி அதே சுவரில் பார்த்தோம், ரோட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நிறுவனப் பெயர் வேண்டாம், பெட்டியில் எந்த நம்பிக்கையில் எழுதினார்களோ தெரியாத லூமென் கணக்கு இருந்தது. போட்டதும் சுவர் வெள்ளையாகப் பளீரென்றது, பார்த்தவுடன் யாரும் எல்இடிக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். நிதானமாகப் பார்த்தால் கதை வேறு. வெட்டுக்கோடு இருந்த இடத்தில் கோடு இல்லை, ஒரு கலங்கல். கோட்டுக்கு மேலே, இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில், அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். எதிரே வருபவர் கண் இருக்கும் உயரம் அது. கோட்டுக்குச் சற்றுக் கீழே, தூரத்துக்குப் போக வேண்டிய அந்தக் கனமான வெளிச்சம் கரைந்து எல்லாப் பக்கமும் பரவியிருந்தது.

காரணம் எளிது. ஹாலோஜன் டூமின் ரிஃப்ளெக்டரில் ஒவ்வொரு வளைவும், நடுவில் நாலு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சுருள் இழை நின்று சுற்றிலும் ஒளிவிடுகிறது என்ற கணக்கில் செய்யப்பட்டது. எல்இடி பல்பில் ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் சில்லுகள் ஒட்டியிருக்கும், நடுவில் தகட்டின் கனம், ஒளி இரண்டு பக்கமாகத்தான் போகும். நல்ல தயாரிப்பாளர்கள் தகட்டை மெலிதாக்கி இழைக்கு அருகில் வந்துவிட்டார்கள், மலிவானவர்கள் வரவில்லை. லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் ஒரே பல்பாக வரும் எச்4-இல் நிலைமை இன்னும் சிக்கல், அதில் லோ பீம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகடு மறைப்பாக இருந்துதான் அந்த வெட்டுக்கோடே உருவாகிறது.

காலடி வெளிச்சம் இன்னொரு ஏமாற்று. காருக்கு முன்னால் பத்து மீட்டரில் தரை பளீரென்று இருந்தால் கண்மணி சுருங்கிவிடும், அப்போது தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும். ஓட்டுபவருக்கு நன்றாகத் தெரிகிறது என்ற திருப்தி கிடைக்கும், தெரிய வேண்டிய தூரத்தில் ஒன்றும் தெரியாது. எல்இடி மாற்றியவர்கள் எல்லாம் சூப்பர் என்று சொல்வதன் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சட்டத்துக்கு வருவோம். ஹெட்லைட் டூம் குறிப்பிட்ட வகை பல்போடு சேர்த்துத்தான் ஒப்புதல் வாங்குகிறது. டூமிலேயே பார்க்கலாம், ஐ.நா. விதிகளைப் பின்பற்றும் நாடுகளுக்கான விளக்கில் வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து ஈ, பக்கத்தில் எந்த நாடு ஒப்புதல் கொடுத்தது என்பதற்கான எண் (1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து), கூடவே எச், சி, ஆர் என்ற எழுத்துகள். எச் என்றால் ஹாலோஜன், சி லோ பீம், ஆர் ஹை பீம். அந்த டூமில் வேறு வகை ஒளிமூலத்தை வைத்தால் அந்த ஒப்புதல் அதோடு முடிந்தது. அமெரிக்காவின் 108-ஆம் எண் பாதுகாப்புத் தரநிலையும் ஹாலோஜன் டூமில் எல்இடி பல்பை ஏற்பதில்லை. விதிவிலக்கு உண்டு. 2020-இல் ஜெர்மனியில் ஆஸ்ரமின் நைட் பிரேக்கர் எச்7 எல்இடிக்கு முதன்முதலாக ரோட்டில் போட அனுமதி கிடைத்தது, பிறகு பிலிப்ஸும் அந்த வரிசையில் சேர்ந்தது. ஆனால் எல்லாக் காருக்கும் இல்லை, எந்த மாடலில் எந்த டூமுக்கு என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள், பட்டியலில் இல்லாத கார் என்றால் அதே பல்ப் சட்டவிரோதம். உங்கள் நாட்டில் அப்படி ஒரு பட்டியல் இருந்து, உங்கள் காரும் அதில் இருந்தால் தாராளமாக எல்இடி போடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

பெட்டியில் இருக்கும் குறிகளில் ஏமாறாதீர்கள். சிஇ குறி பொதுவான பொருள் பாதுகாப்புக்கு, ரோட்டில் போடலாம் என்பதற்கு அத்தாட்சி கிடையாது. சில எல்இடி பெட்டியில் ஈ குறியே இருக்கும், உற்றுப் பார்த்தால் அது 10-ஆம் எண் விதிப்படி, அதாவது ரேடியோவில் இரைச்சல் வராது என்பதற்கு வாங்கியது, வெளிச்சத்துக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. விபத்து என்று வந்துவிட்டால் காப்பீட்டுக்காரர் முதலில் தேடுவது இதுபோன்ற மாற்றங்களைத்தான்.

எச்ஐடி கிட் (இழையில்லாமல், வாயுவில் மின்பொறி பாய்ந்து எரியும் செனான் விளக்கு) பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, ஹாலோஜன் டூமில் அதே கோளாறு இன்னும் பெரிதாக. 2,000 லூமெனைத் தாண்டும் லோ பீமுக்குத் தானியங்கி லெவலரும் விளக்கைக் கழுவும் வாஷரும் வேண்டும் என்று ஐ.நா.வின் 48-ஆம் எண் விதி கேட்பதே அந்த வெளிச்சம் தப்பான இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதால்தான். 100 வாட் ஹாலோஜன் வாங்காதீர்கள், ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், சட்டமும் விடாது. முழுக்க நீலமாக இருக்கும் பல்பும் வேண்டாம், பூச்சு வெளிச்சத்தைத் தின்றுவிட்டு நிறத்தைக் காட்டும்.

டூமையே மாற்றும் நிலை வந்தால் ஒன்று கவனியுங்கள். லோ பீம் வெட்டுக்கோடு ஓரப் பக்கம் மேலே ஏறும், நடைபாதையும் போர்டுகளும் தெரிவதற்காக. இடது பக்கமாக வண்டி ஓட்டும் நாட்டுக்கும் வலது பக்கமாக ஓட்டும் நாட்டுக்கும் அது நேர்மாறு. இடப்பக்கப் போக்குவரத்துக்கான டூமில் ஒப்புதல் குறிக்குக் கீழே ஓர் அம்புக்குறி இருக்கும், காருக்கு எதிரே நின்று பார்த்தால் வலது கைப் பக்கம் காட்டும். அம்பே இல்லையென்றால் அது வலப்பக்கப் போக்குவரத்துக்கானது. இரண்டு பக்கமும் அம்பு என்றால் மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. பழைய உதிரிபாகம் வாங்கும்போது தப்பான பக்கத்து டூம் வந்து சேர்ந்தால் எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும், எவ்வளவு திருகினாலும் சரியாகாது.

ஆக யாருக்கு இந்த பல்ப்? நேரான டூம், தெளிந்த முகம், சரியான வோல்ட்டேஜ், இதெல்லாம் இருந்தும் இன்னும் கொஞ்சம் தூரம் தெரிந்தால் தேவலை என்பவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எல்லாம் சேர்ந்தும் ஒரு நல்ல எல்இடி ஜோடிக்கு ஆகும் செலவை விட அதிகமாகாது, அதிலும் பெரும்பங்கு பல்புக்குத்தான். ஊருக்குள், தெருவிளக்கு வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு வேண்டாம், நல்ல நிறுவனத்தின் சாதாரண பல்பே போதும், அது இரண்டு மூன்று மடங்கு காலம் உழைக்கும். ஹை பீமுக்குத் தனி பல்ப் இருக்கும் கார் என்றால் அதற்கும் இதே வகையைப் போடலாம், ஆனால் அவசரமில்லை. ஹை பீம் போதாதவர்களுக்கு ஒப்புதல் பெற்ற கூடுதல் டிரைவிங் லைட் இன்னும் நல்ல வழி, ஹை பீமோடு மட்டுமே எரியும்படி வயரிங் செய்ய வேண்டும், டிம் அடித்தவுடன் அதுவும் அணைய வேண்டும். எத்தனை வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு, வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வின்ட்ஷீல்டின் உள்பக்கத்தையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள், அதில் படியும் மெல்லிய படலம் பகலில் கண்ணுக்கே தெரியாது. கழற்றிய பழைய பல்புகளைத் தூக்கிப் போடாமல் புது பல்பின் பெட்டியிலேயே வைத்து டிக்கியில் போட்டிருக்கிறேன். இந்த வகை பல்ப் சொல்லாமல் கொள்ளாமல் போகக்கூடியது, ராத்திரி நடுவழியில் ஒரு பக்கம் அணைந்தால் அப்போது எந்தக் கடையும் திறந்திருக்காது.